‘ஓகே’ காட்டுவதற்கு முன்: ஆட்டிசத்தோடு ஸ்கூபா கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நீச்சல்குளத்தில் நடந்த ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது) அறிமுக வகுப்பில் உதவிக்கு நின்றிருந்தேன். இருபது வயது இருக்கும் ஒரு பையன், தனக்கு ஆட்டிசம் இருப்பதை வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டான். அதற்கே ஒரு சபாஷ் போட வேண்டும், நான் அதைச் சொல்ல மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் போனதும் பயிற்சியாளர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து ‘ஓகேவா?’ என்று கேட்டார். அடுத்த நொடியே அவனும் அதேபோல வட்டம் காட்டினான். கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் அவன் மாஸ்க்கில் பாதிக்கு மேல் தண்ணீர், ஒரு கண் இறுக மூடியிருக்கிறது, இன்னொரு கை குளத்தின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. எதுவுமே ஓகே இல்லை.

அந்த வட்டம் காட்டிய கையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் பழைய கை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மூச்சை அடக்காதே, துணை டைவரை விட்டுப் போகாதே போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை, அதெல்லாம் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். நம்மைப் போன்றவர்கள் மட்டும் குறிப்பாகப் போய் விழுகிற குழிகளைப் பற்றித்தான் பேச்சு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முதல்முறையாக மாட்டிக்கொள்வது

வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் டைவிங் உடை, கழுத்தைப் பிடிக்கும். மாஸ்க்கின் ரப்பர் மேலுதட்டில் உரசும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி நாக்கைத் தொட்டால் குமட்டும். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் சமாளித்துவிடலாம், மூன்றும் சேர்ந்து ஒரே காலையில் வந்தால் தண்ணீரைத் தொடும் முன்பே நமக்குள்ளே இருக்கிற பேட்டரி தீர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

ஒவ்வொன்றாக வீட்டில் பழகுங்கள். முதலில் சொந்தமாக ஒரு மாஸ்க் வாங்குங்கள், மற்றதெல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டிவி பார்க்கும்போது அதைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கல் குழாயை மட்டும் வாயில் வைத்து, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு. மூக்கில் தண்ணீர் படும்போதும் வாயால் மூச்சு விட முடியும் என்று மூளை நம்ப வேண்டும். மாஸ்க்கை நீருக்கடியில் கழற்றி மாட்டும் பயிற்சியில் திணறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நம்பிக்கைதான் வந்திருக்காது. வெட்சூட்டின் இறுக்கம் சிலருக்குக் கனமான போர்வை மாதிரி இதமாக இருக்கும், எனக்கு அப்படித்தான். கழுத்து மட்டும் இன்றைக்கும் பிடிக்காது.

பொய் ஓகே

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

பயிற்சியின்போது என் இரண்டாவது கடல் டைவ். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம். நாலு மீட்டரில் இடது காதில் ஓர் அழுத்தம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினேன், காது திறக்கவில்லை. பயிற்சியாளர் திரும்பி ஓகேவா என்று கேட்டார், நான் ஓகே காட்டினேன். ஆறு மீட்டரில் ஊசி குத்துவதுபோல வலி. மறுபடி கேட்டார், மறுபடி காட்டினேன். எட்டு மீட்டருக்கு மேல் போனபோது வலி சற்றுக் குறைந்தது, ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று நினைத்தேன். சரியாகவில்லை. உள்ளே போகாத காற்றுக்குப் பதிலாக நடுக்காதில் நீரும் ரத்தமும் கசிந்து அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியிருந்தன. மேலே வந்ததும் ஒரு பக்கம் தலையைப் பானைக்குள் விட்டது போல் இருந்தது, மூக்கைச் சிந்தினால் ரத்தக் கறை. காது மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு ஆறு வாரம் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றார். கட்டிய பணம் போனது, எடுத்த விடுப்பும் போனது.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. குழம்பிப் போயிருந்தார். “நான் மூணு தடவை கேட்டேனே, ஓகேன்னுதானே காட்டினீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் இப்போது இருக்கிறது. தரையில் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு நகர வேண்டும் என்பதை நான் எட்டு வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அல்லது பேச்சு நீளும். இதைத்தான் மாஸ்க்கிங் என்கிறார்கள், நிஜ மாஸ்க்கைப் போட்ட பிறகும் நான் இந்த மாஸ்க்கைக் கழற்றவில்லை. போதாக்குறைக்கு, டைவர்களின் சைகையில் ஓகே என்ற கேள்வியும் ஓகே என்ற பதிலும் ஒரே வடிவம். கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, கையும் அதையேதான் செய்கிறது. வெறும் எதிரொலியைப் பயிற்சியாளர் பதில் என்று நம்பி இறங்கிக்கொண்டே போகிறார். மூன்றாவதாக, உடம்பு சொல்வது நமக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். எனக்குப் பசி தெரியும்போது கை நடுங்க ஆரம்பித்திருக்கும். இது வலியா, வெறும் அழுத்தமா, சொல்லுமளவுக்குப் பெரிதா என்று நான் தீர்மானிப்பதற்குள் இன்னும் இரண்டு மீட்டர் கீழே போயிருந்தேன்.

அந்த இரண்டு மீட்டரும் சாதாரணமானவை அல்ல. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். அடுத்த பாதியாக வேண்டுமென்றால் முப்பது மீட்டர் வரை போக வேண்டும். ஆக, காதுக்கு மிகக் கடினமான இடம் மேலே இருக்கிற முதல் சில மீட்டர்கள்தான், புதியவர்கள் ‘இது ஆழமே இல்லையே’ என்று பொறுத்துக்கொள்கிற அதே இடம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். யாரோடு இறங்கினாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்: என்னிடம் ஓகேவா என்று மட்டும் கேட்காதீர்கள், எதிரொலிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். காதைத் தொட்டுக் காட்டிக் கேட்கலாம். சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று கேட்கலாம், அதற்கு நான் மானியைப் பார்த்து எண்ணைத்தான் காட்டியாக வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எவ்வளவு நன்றாக இருக்கிறாய் என்று விரலால் சொல்லச் சொல்லலாம். நான் பதில் சொல்ல மூன்று நொடி எடுத்தால் பதறக் கூடாது, அந்த மூன்று நொடியில் காது, மூச்சு, காற்றின் அளவு என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவேன்.

அப்புறம், முடிவுகளைத் தண்ணீருக்குள் எடுக்காதீர்கள். ‘காது ஒரு முறை ஊதியும் திறக்கவில்லை என்றால் அங்கேயே நின்று ஒரு மீட்டர் மேலே ஏறுவேன்’ என்று கரையிலேயே முடிவு செய்துவிட்டால் ‘இது வலியா இல்லையா’ என்ற விசாரணைக்கு இடமில்லை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் பிரச்சினை உள்ள இடத்தைச் சுட்டுவதுதான் ‘ஏதோ சரியில்லை’ என்பதற்கான சைகை. அதை வீட்டில் ஐம்பது தடவை செய்யுங்கள், ஓகே வட்டம் எவ்வளவு தானாக வருகிறதோ அவ்வளவு தானாக இதுவும் வரட்டும். டைவர்கள் மத்தியில் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது: யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை முடித்துக்கொள்ளலாம், விளக்கம் கேட்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்தே களைத்துப்போன எனக்கு இதைக் கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அதைப் பயன்படுத்த இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இன்னொன்றையும் பயிற்சியாளரிடம் சொல்லிவையுங்கள். பதற்றம் என்றால் விரிந்த கண்கள், வேகமான மூச்சு, மேலே பாயத் துடிக்கும் உடம்பு, இவற்றைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். நம்மில் சிலர் தாங்க முடியாத கட்டத்தில் அப்படியே உறைந்துவிடுவோம். அசையாமல் மிதப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல டைவர் போலவே இருக்கும், மிதவைக் கட்டுப்பாடு பிரமாதம் என்று பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன். எனவே ‘நான் அசையாமல் இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிப் போங்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கையைத் தொடுவது பிடிக்காதவர்கள் எங்கே பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், உதாரணமாக சிலிண்டரின் வால்வை.

காதுச் செருகி

இரைச்சலுக்காகப் போட்டுக்கொள்வது படகு வரைக்கும்தான். அதோடு நீருக்குள் போனால் செருகிக்கும் செவிப்பறைக்கும் நடுவே காற்று அடைபட்டுக் காதைக் கெடுத்துவிடும்.

கட்டைவிரல்

மேலே தூக்கினால் ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போவோம்’. நான் கூட்டிப்போன ஒருவர் ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் தூக்கிக் காட்ட, மொத்தக் குழுவும் மேலே வந்துவிட்டது.

‘இயல்பா மூச்சு விடுங்க’ என்பதைக் கேட்டுத் தலையாட்டுவது

இயல்பு என்றால் எவ்வளவு? எனக்கு இன்றுவரை தெரியாது. ‘மெதுவா ஏறுங்க’, ‘கொஞ்சம் காற்று விடுங்க’, ‘ரொம்பக் கிட்டப் போகாதீங்க’, இப்படித்தான் பேசுவார்கள், மற்றவர்களுக்கு அது போதும். நமக்குப் போதாது, எண்ணாகக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். மெதுவாக ஏறுவது என்றால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். நடுவில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தம். சிலிண்டரில் 50 பார் (காற்றின் அழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும். ஆரம்பச் சான்றிதழோடு போகக்கூடிய ஆழம் 18 மீட்டர். ‘கொஞ்சம்’ காற்று என்றால் மிதவை ஜாக்கெட்டின் பொத்தானை ஒரு நொடி அழுத்துவது. ஒரு நல்ல பயிற்சியாளர் இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார். சலித்துக்கொண்டால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல தகவல், வேறு ஆளைப் பாருங்கள்.

டைவுக்காகத் தயாராகி, படகை மறந்துவிடுவது

என்னைக் கேட்டால் கடலுக்கு அடியில் இருப்பது சுலபம். அங்கே யாரும் பேச மாட்டார்கள், இருபது சைகைக்குள் உலகம் அடங்கிவிடும், எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுவார்கள். அதற்கு முன் படகில் இருக்கிற ஒரு மணி நேரம்தான் வதை. டீசல் நாற்றம், எஞ்சின் இரைச்சல், சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், தோளை இடித்துக்கொண்டு உடை மாற்றும் கூட்டம், ‘எங்கேயிருந்து வர்றீங்க?’ என்ற கேள்வி. கருவிகளைக் கரையிலேயே பொருத்திச் சரிபார்க்க முடியுமா என்று கேளுங்கள். படகில் ஓர் ஓர இடத்தைப் பிடியுங்கள். முதலில் குதிப்பதா கடைசியில் குதிப்பதா என்று முன்பே பேசிவையுங்கள், நடுவில் நிற்பதுதான் மோசம். நீரோட்டத்தைப் பார்த்துக் கடைசி நிமிடத்தில் இடத்தை மாற்றுவார்கள், அது சகஜம், அதனால் இரண்டாவது இடத்தின் வரைபடத்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவாய்

நமக்கு ஒன்று பிடித்துவிட்டால் உலகம் மறைந்துவிடும், தெரிந்ததுதான். ஒரு கணவாய் மீன் தன் உடம்பில் கோடுகளை ஓடவிட்டு நிறம் மாற்றிக்கொண்டிருந்தது (அத்தனை நிறம் காட்டுகிற அதற்கு நிறங்கள் பிரித்துத் தெரியாது என்பது என் மனத்தை விட்டுப் போகாத ஒரு விஷயம்). அதைப் பார்த்தபடியே போனேன். நிமிர்ந்தபோது இருந்த இடத்திலிருந்து இன்னும் நாலு மீட்டர் ஆழமாகப் போயிருந்தேன், காற்று 120 பாரிலிருந்து 70க்கு வந்திருந்தது, துணை டைவர் தூரத்தில் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தார். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ஆழத்துக்கு எச்சரிக்கை ஒலி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், நாம் மூழ்கிப்போன நேரத்தில் ஒலியும் காதில் விழாது. துணை டைவர் நம் பார்வைக்கு நேரே வந்து கையை நீட்டுவதுதான் பலிக்கும்.

மருத்துவப் படிவத்தில் மறைப்பது

வேண்டாம். வளர்ச்சி சார்ந்த குறைபாடு பற்றிய கேள்வி அதில் உண்டு, ‘ஆம்’ என்று போட்டால் கதவு மூடிவிடாது, மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே. வலிப்பு வந்ததுண்டு என்றாலும், ஏதாவது மாத்திரை எடுத்தாலும், அவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு அதிகம் காணப்படுகிறது, நீருக்கடியில் அது வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும்.

லாக் புத்தகத்தில் மீன்களை மட்டும் எழுதுவது

ஆழம், நேரம், பார்த்த மீன் எல்லோரும் எழுதுவார்கள். நான் கூடவே ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: காது, குளிர், சத்தம், படகில் எத்தனை பேர், கடைசியாக ‘பொய் ஓகே’. டைவ் முடிந்து மற்றவர்கள் கதை பேசும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து இதை நிரப்புவேன், எதுவும் கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருப்பேன். அந்தக் கடைசிக் கட்டத்தில் இப்போதெல்லாம் பெரும்பாலும் பூஜ்யம்தான் விழும். போன மாதம் ஒன்று. மாஸ்க் லேசாக ஒழுகியது.