1.5 பாரைத் தாண்டினால் இருமிய டர்போ கார்

ஒரு சாண் ரப்பர் குழாய்க்காக மூன்று நாள் வீணாகிவிட்டது. டிராக் ரேஸுக்குக் கட்டிய கார், டைனோவில் (பவர் அளக்கும் மேடை) 1.5 பார் பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) வரை அருமையாக இழுத்தது. அதைத் தாண்டியதும் 5,500 ஆர்பிஎம் பக்கம் இருமிக்கொண்டு பவர் சரிந்தது. ஸ்பார்க் மேல்தான் முதல் சந்தேகம். பிளக் இடைவெளியை 0.8 மி.மீ.யிலிருந்து 0.55 ஆகக் குறைத்தேன், காயில்களை மாற்றினேன், அப்புறம் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர். எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில்தான் லாகில் (ஓட்டத்தின்போது சென்சார்கள் பதிந்த அளவீடுகள்) எரிபொருள் அழுத்தத்தைப் பார்த்தேன் (முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்). பூஸ்ட் ஏறும் அளவுக்கு அதுவும் ஏற வேண்டும்: அடிப்படை 3 பார் என்றால் 1.8 பார் பூஸ்டில் 4.8 காட்ட வேண்டும், இதுவோ 4.5 வரை வந்து 4.1-க்கு இறங்கியது, லாம்ப்டா (காற்று-எரிபொருள் விகிதம், ஏறினால் எரிபொருள் போதவில்லை) 0.80-லிருந்து 0.90-க்கு ஏறியிருந்தது.

எரிபொருள் அழுத்தத்தைப் பூஸ்டுக்கேற்ப ஏற்றும் ரெகுலேட்டருக்குப் போகும் பூஸ்ட் குழாய் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கைப்பம்பால் காற்றடித்து சோப்புத் தண்ணீர் தடவியதும், கிளிப்பை ஒட்டி மயிரிழைக் கீறல் ஒன்று வாய் திறந்து நுரை தள்ளியது. ஐடிலில் குழாய்க்குள் இருக்கும் வேக்கம் (உறிஞ்சல்) அந்தக் கீறலை இழுத்து மூடிவிடுகிறது, அதனால்தான் சும்மா ஓடவிட்டுப் பார்த்தபோதெல்லாம் குறையே தெரியவில்லை. தடிமனான குழாயாக மாற்றி, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் பகுதி) வேறு கிளை இல்லாமல் நேராகக் கொடுத்தேன். அடுத்த ரன்னில் 4.8, இருமலே இல்லை. பிளக் இடைவெளியை இன்னும் பழைய அளவுக்கு மாற்றவில்லை, 0.55-லேயே இருக்கட்டும்.