லினக்ஸில் மென்பொருள் நிறுவுவதும் நீக்குவதும்: மின்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் கூடிவிட்டார்கள். போட்டுக் கொடுத்த இரண்டாம் நாள் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "விஎல்சி இறக்கி வைத்திருக்கிறேன், நிறுவ முடியவில்லையே?" விஎல்சி என்பது வீடியோ ஓட்டும் செயலி. டவுன்லோட்ஸ் அடைவைத் திறந்தால் அங்கே ஓர் எக்ஸ்இ கோப்பு உட்கார்ந்திருக்கும். அது விண்டோஸுக்காகச் செய்த கோப்பு. லினக்ஸ் அதை அப்படியே ஓட்டாது.

இங்கே மாற வேண்டியது ஒரு பழக்கம். விண்டோஸில் மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடுவோம், ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குவோம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திப் போவோம். லினக்ஸில் தேடல் இணையத்தில் தொடங்கக் கூடாது, உங்கள் கணினிக்குள்ளேயே தொடங்க வேண்டும். இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

லினக்ஸில் மின்ட், உபுண்டு, டெபியன் என்று பல வகைகள் உண்டு. இந்தப் பதிவில் லினக்ஸ் மின்ட் 22-ஐ வைத்துச் சொல்கிறேன். அது உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. அதனால் கீழே வரும் கட்டளைகள் மூன்றிலும் வேலை செய்யும்.

களஞ்சியம் என்றால் என்ன

இயன் மர்டாக் 1993-இல் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த லினக்ஸ்களில் மென்பொருள்கள் "பொதி"களாகக் கட்டி, இணையத்தில் உள்ள ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. பேக்கேஜ், ரெப்பாசிட்டரி என்று சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொரு பொதியையும் தன்னார்வலரோ நிறுவனப் பணியாளரோ பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறார். களஞ்சியத்தின் பட்டியலில் மின்னணுக் கையொப்பம் இருக்கும். இறக்கிய பொதி அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கணினி சரிபார்த்த பிறகே நிறுவும். எவரோ இடையில் புகுந்து வைரஸ் கலந்து தருவது இதனால் மிகக் கடினம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே கிரைண்டர் இருப்பது போல, பல மென்பொருள்கள் ஒரே நிரல் நூலகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு மென்பொருளுக்குத் தேவைப்படும் இந்தத் துணைப் பொதிகளைச் சார்புகள் என்கிறோம். அவற்றைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது ஆப்ட் என்ற கருவியின் வேலை. நிறுவும்போது ஒன்று கேட்டால் ஐந்து வருவதும், நீக்கும்போது சில மிச்சமாகத் தங்குவதும் இதனால்தான்.

முதலில் பட்டியலைப் புதுப்பியுங்கள்

திரையின் வலது கீழ் ஓரத்தில் கேடயம் போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதுதான் அப்டேட் மேனேஜர். திறந்து ரீஃப்ரெஷ் அழுத்துங்கள். களஞ்சியத்தில் இன்று என்ன இருக்கிறது என்று கணினி தெரிந்துகொள்ளும். புதுப்பிப்புகள் ஏதும் வந்திருந்தால் அவற்றையும் நிறுவிவிடுங்கள். புதிதாக மின்ட் போட்ட கணினியில் இதைத் தவிர்த்துவிட்டு நேரே மென்பொருள் தேடப் போனால், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இல்லாத கோப்பைக் கேட்டுப் பிழைச் செய்தி வரலாம்.

இதே நேரத்தில் டைம்ஷிஃப்ட் என்ற செயலியையும் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. கணினியின் அமைப்புக் கோப்புகளை இன்றைய நிலையில் நகலெடுத்து வைக்கும். பிறகு எதையாவது தவறாக நீக்கினாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம். ஆனால் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது இயல்பாக நகலெடுக்காது. அவற்றுக்குத் தனியாக ஒரு பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ வேண்டும்.

சுட்டியால் நிறுவுவது

மெனுவில் சாஃப்ட்வேர் மேனேஜர் என்று தட்டித் திறங்கள். மேலே உள்ள தேடல் பெட்டியில் விஎல்சி என்று ஆங்கிலத்தில் தட்டினால் போக்குவரத்துக் கூம்புப் படத்தோடு வரும். அதன் மேல் சொடுக்கினால் விளக்கம், அதன் திரைக்காட்சிகள், பயன்படுத்தியவர்களின் கருத்துகள் எல்லாம் தெரியும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்துங்கள். துணைப் பொதிகள் தேவைப்பட்டால் ஒரு பட்டியல் காட்டும். பார்த்துவிட்டுத் தொடருங்கள். கடவுச்சொல் கேட்கும், கணினிக்குள் நுழையக் கொடுக்கும் அதே கடவுச்சொல்தான். சற்று நேரத்தில் விஎல்சி மெனுவில் வந்துவிடும்.

சில மென்பொருள்களில் சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பாக் என்று இரண்டு வடிவங்கள் தெரியும். புதியவர்கள் குழம்பும் இடம் இது. சிஸ்டம் பேக்கேஜ் என்பது நான் மேலே சொன்ன களஞ்சியப் பொதி. ஃபிளாட்பாக் என்பது தனக்கு வேண்டியதைத் தன்னோடு கொண்டுவரும் வேறு வகை. பெரும்பாலும் ஃபிளாட்ஹப் என்ற தளத்திலிருந்து வரும். பதிப்பு புதிதாக இருக்கும், ஆனால் முதல் முறை இறக்கும்போது அளவு அதிகம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையம் பயன்படுத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நான் சொல்லும் வழி: சிஸ்டம் பேக்கேஜ் இருந்தால் அதையே எடுங்கள். அதன் பதிப்பு பழையதாக இருந்து, புதிய வசதி ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் ஃபிளாட்பாக்குக்குப் போங்கள். உருவாக்கியவர்களே வெளியிட்டார்கள் என்று உறுதியாகாத ஃபிளாட்பாக்குகளை மின்ட் 22 இயல்பாகக் காட்டுவதில்லை. அந்த அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

டெர்மினலில் அதே வேலை

டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் சாளரம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜர் செய்வதையே அது எழுத்தில் செய்கிறது. என்ன நடக்கிறது என்று இன்னும் விரிவாகவும் காட்டுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வது போல, புதிய சொல் வரும்போது எழுத்துக்கூட்டியும் சொல்கிறேன். டெர்மினலில் எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி.

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ என்பது எஸ், யு, டி, ஓ. "நிர்வாகி அதிகாரத்தோடு செய்" என்று பொருள். ஆப்ட் என்பது ஏ, பி, டி. பெயரில் அப்டேட் என்று இருந்தாலும் இந்தக் கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றாது, பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். மென்பொருள்களையே புதுப்பிக்க அப்டேட் இருக்கும் இடத்தில் அப்கிரேடு என்று தட்ட வேண்டும்.

கடவுச்சொல் தட்டும்போது மின்ட்டில் நட்சத்திரக் குறிகள் தெரியும். உபுண்டு 24.04-இல் எதுவுமே தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழுதும் தட்டி என்டர் அழுத்துங்கள், எடுத்துக்கொள்ளும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி

இப்போது என்னென்ன பொதிகள் வரப்போகின்றன, எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். ஒய் என்றால் ஆம், என் என்றால் வேண்டாம். பொதியின் சரியான பெயர் தெரியவில்லையென்றால் ஆப்ட் சர்ச் என்று தட்டி, அடுத்து ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடலாம். அதற்குச் சூடோ தேவையில்லை. பெயரைப் பாதி தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். எழுத்துப் பிழைகள் இதனால் வெகுவாகக் குறையும்.

தமிழ் தட்டச்சு செய்ய நினைப்பவர்களுக்கு உடனே பயன்படும் ஒரு பொதியைச் சொல்கிறேன்: ஐபஸ்-எம்17என். ஐ, பி, யு, எஸ், நடுவே ஒரு சிறு கோடு, எம், 17, என். இடைவெளி இல்லை. இதை நிறுவிய பிறகு இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அப்புறம் ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ் மொழியின் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிப்புமுறைப் பலகையும் அங்கேயே இருக்கிறது. மின்ட்டின் பதிப்புக்குப் பதிப்பு இந்த அமைப்புகளின் இடம் சற்று மாறலாம். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெஸராக்ட்டின் தமிழ்த் தரவும் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. இத்தனையும் காசில்லாமல், எந்தச் சந்தேகத்துக்குரிய தளத்துக்கும் போகாமல்.

களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளுக்கு

கூகுள் குரோம் போன்ற சில மென்பொருள்கள் மின்ட்டின் களஞ்சியத்தில் இருக்காது. அவற்றின் சொந்தத் தளத்தில் டெப் என்று முடியும் கோப்பு கிடைக்கும். இறக்கி இருமுறை சொடுக்கினால் நிறுவும் சாளரம் திறக்கும். குரோமின் டெப் கோப்பு தன் களஞ்சியத்தையும் உங்கள் பட்டியலில் சேர்த்துவிடுவதால் அதன் புதுப்பிப்புகள் அப்டேட் மேனேஜரிலேயே வரும். எல்லா டெப் கோப்புகளும் அப்படிச் செய்வதில்லை. செய்யாதவற்றை நீங்களே அவ்வப்போது இறக்கிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஏதாவது ஒரு பக்கத்தில் நீளமான ஒரு வரியைக் காட்டி "இதை டெர்மினலில் ஒட்டினால் போதும்" என்று எழுதியிருந்தால், அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியும்வரை ஒட்டாதீர்கள். சூடோ என்று தொடங்கும் வரி உங்கள் கணினியில் எதையும் மாற்ற வல்லது.

நீக்குவது

மின்ட் மெனுவில் மென்பொருளின் பெயர் மேல் வலது சொடுக்கினால் அன்இன்ஸ்டால் என்று வரும். சாஃப்ட்வேர் மேனேஜரிலும், நிறுவிய மென்பொருளின் பக்கத்தில் ரிமூவ் பொத்தான் இருக்கும். டெர்மினலில் மூன்று கட்டளைகள் தெரிந்தால் போதும்.

சூடோ ஆப்ட் ரிமூவ் விஎல்சி

இது மென்பொருளை நீக்கும், அமைப்பு முழுவதற்குமான அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். நாளை திரும்ப நிறுவினால் பழைய அமைவுகளோடு வரும்.

சூடோ ஆப்ட் பர்ஜ் விஎல்சி

பர்ஜ் என்பது பி, யு, ஆர், ஜி, இ. அந்த அமைவுக் கோப்புகளையும் சேர்த்தே துடைக்கும். ஆனால் உங்கள் ஹோம் அடைவுக்குள் இருக்கும் சொந்த அமைவுகளை இரண்டுமே தொடாது. அவையும் போக வேண்டுமென்றால் கோப்பு மேலாளரில் ஹோமைத் திறந்து கன்ட்ரோல், ஹெச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் அடைவுகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் அடைவுக்குள் விஎல்சி என்ற அடைவு இருக்கும். அதை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் இருப்பவை மற்ற மென்பொருள்களுடையவை.

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்

முன்பு சொன்ன சார்புகளில், இனி யாருக்கும் தேவைப்படாமல் தங்கியவற்றை இது அகற்றும். விஎல்சியை நீக்கிய பிறகு இதை ஓட்டிப் பாருங்கள், விஎல்சி என்று தொடங்கும் சில துணைப் பொதிகளும் பட்டியலில் நிற்கும்.

இந்தக் கட்டளைகளில் எதை ஓட்டினாலும் ஒய் அழுத்தும் முன் பட்டியலைப் படியுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். யூடியூபில் பெயர்பெற்ற லினஸ் செபாஸ்டியன், 2021 நவம்பரில் வெளியான ஒரு காணொளியில், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அப்போது பொதிகளில் இருந்த ஒரு கோளாறால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பின் பொதிகளையே நீக்கப்போவதாக ஆப்ட் பட்டியல் போட்டது. எச்சரித்தும் பார்த்தது. "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை முழுதாகத் தட்டினால்தான் தொடர்வேன் என்றது. அவர் தட்டினார், டெஸ்க்டாப் போய்விட்டது. கோளாறு அவருடையது இல்லை. ஆனால் என்ன நடக்கப்போகிறது என்பது திரையில் எழுதித்தான் இருந்தது.

நீக்கும்போது பைத்தான்3, சினமன், மின்ட் என்று தொடங்கும் பெயர்கள் பட்டியலில் வந்தால் என் அழுத்திவிட்டு வெளியே வாருங்கள். மின்ட்டின் பல கருவிகள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. "இது எனக்கு எதற்கு" என்று அதை எடுத்தால் அவையும் சேர்ந்து போகும். சந்தேகமாக இருந்தால் ஒத்திகை பார்க்கலாம்:

ஆப்ட் ரிமூவ் -எஸ் விஎல்சி

சிறு கோடும் எஸ்ஸும் ஒட்டியே வர வேண்டும். எதையும் நீக்காமல், நீக்கினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். நான் இன்றும் பழக்கமில்லாத பொதியை நீக்கும் முன் இதை ஓட்டிப் பார்க்கிறேன்.

பிழைச் செய்தி வந்தால்

பூட்டைப் பெற முடியவில்லை என்ற பொருளில், லாக் என்ற சொல்லோடு ஒரு செய்தி வந்தால், வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அப்டேட் மேனேஜராக இருக்கும். சில நிமிடம் காத்திருங்கள். பூட்டுக் கோப்பையே அழிக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள்.

பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எழுத்துப் பிழையாக இருக்கும், இல்லாவிட்டால் பட்டியல் பழையதாக இருக்கும்.

நிறுவிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், மடிக்கணினியின் பேட்டரியும் செத்துப்போனதாக இருந்தால், அடுத்த முறை, பொதிகளைப் பொருத்தும் கருவியான டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்று செய்தி வரும். பயப்பட ஒன்றுமில்லை. சரிசெய்யும் கட்டளை அந்தச் செய்தியிலேயே இருக்கும். சூடோ என்று தொடங்கி ஏ என்று முடியும் பகுதியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தி நகலெடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி ஒட்டி என்டர் தட்டுங்கள். பாதியில் நின்ற வேலையை அது முடித்துவைக்கும்.

எதையோ நீக்கிவிட்டோம், எது என்று நினைவில்லை என்றால், கோப்பு மேலாளரின் ஓரத்தில் ஃபைல் சிஸ்டம் என்பதைச் சொடுக்கி, வார் என்ற அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்று போங்கள். வார் என்பது வி, ஏ, ஆர். அங்கே ஹிஸ்டரி என்று தொடங்கும் கோப்பில், எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் பொதி வந்தது, எது போனது என்று எழுதியிருக்கும். போனவற்றின் பெயர்களைப் பார்த்து மறுபடி இன்ஸ்டால் கொடுங்கள்.