ஒரே வயிற்றில் குடல்வாலும் பித்தப்பையும்: இரவுப் பணியில் நடக்கும் தவறுகள்

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து இரவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வயிற்றுவலி பல நேரம் இரண்டாம், மூன்றாம் நாள் வலி. உள்ளூரில் ஊசி போட்டும் அடங்காத பிறகே ஆம்புலன்ஸ் ஏறுகிறார்கள். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சியும் பித்தப்பை அழற்சியும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் வருவது அரிது. அதனாலேயே புதிதாகப் பணிக்கு வந்த டாக்டர்களுக்கு அந்த நினைப்பே வருவதில்லை.

ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்துவது

இன்றும் கோபம் வருவது இதில்தான். "மொதல்ல தொப்புளச் சுத்தி வலிச்சுது, அப்புறம் கீழ எறங்கிருச்சு, இப்ப தோள்பட்டை வரைக்கும் குத்துதுங்க" என்று நோயாளியே சொல்லியிருப்பார். தோள்பட்டை வலி பித்தப்பையின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் முதல் பாதியைக் கேட்டதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சீட்டில் 'அப்பெண்டிக்ஸ்?' என்று எழுதிவிடுகிறார்கள். 6 மி.மீ.க்கு மேல் வீங்கி, அழுத்தினால் அமுங்காத குடல்வால் தெரிந்ததும் மேலே யாரும் பார்ப்பதில்லை. வலது அடிவயிற்றில் சின்னதாகக் கீறி அதை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கீறல் வழியே பித்தப்பை தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகும் காய்ச்சல் இறங்காது. தையலில் சீழா, நுரையீரலில் சளியா என்று தேடுவதிலேயே நாள் ஓடும். அதற்குள் பித்தப்பை அழுகி ஓட்டை விழலாம்.

தலைகீழாகவும் நடக்கும். பித்தக்கல் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும். கல்லைப் பார்த்ததும் வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டினால், ஈரலுக்கு அடியில் ஏறி நிற்கும் குடல்வால் கவனிப்பாரின்றி வெடித்துவிடலாம்.

சீட்டில் 'முழு வயிறு. பித்தப்பை, குடல்வால் இரண்டும்' என்று எழுதுங்கள். வலது விலா விளிம்புக்குக் கீழே விரல்களை அழுத்தி மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். வலியில் பாதியிலேயே மூச்சு நின்றால் பித்தப்பையைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனில் தெளிவில்லையா, சி.டி. எடுங்கள். லேப்ராஸ்கோப் (வயிற்றுக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) நுழைத்ததும், எதையும் வெட்டுவதற்கு முன் வயிறு முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நோயாளியின் நிலை தாங்குமானால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடலாம்.

சுவர் தடிப்பை மட்டும் நம்புவது

பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் போனால் அழற்சி என்று எழுதிவிடுகிறார்கள். டெங்குவிலும் சுவர் தடிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தவருக்குப் பை சுருங்கித் தடிப்பாகத் தெரியும். கல் இல்லை, காய்ச்சல் இருக்கிறது என்றால் டெங்குவா என்று அறிய முதலில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பாருங்கள்.

வலி மருந்தைத் தள்ளிப்போடுவது

வேண்டாம். வலி குறைந்தால் நோய் கண்டுபிடிக்க முடியாமல் போகாது.

மாரடைப்பாகவும் இருக்கக்கூடிய மேல்வயிற்று வலிக்கு இ.சி.ஜி. எடுக்காதது

எடுங்கள்.

முதியவர், சர்க்கரை நோயாளி

இவர்களுக்கு வயிறு இறுகாமலே உள்ளே அழுகியிருக்கலாம்.

வெறும் ரெஃபரல் சீட்டு

சேலத்துக்கு அனுப்பினால் எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை எழுதி அனுப்புங்கள்.