உடற்கல்வித் தேர்வு: ‘பயிற்சி முறைகள்’ பாடத்தைக் கடற்கரையில் செய்து பார்த்துப் படிக்கலாம்

சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு உடற்கல்வியில் எழுத்துத் தேர்வு 70 மார்க், செய்முறை 30. விளையாட்டுப் பாடம்தானே என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் பயிற்சி முறைகளில்தான். வரையறைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். கேள்வியோ வேறுபாட்டைக் கேட்கும். மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி: பாடத்தில் பாதி, கரையிலேயே நடக்கிறது.

படி 1: பெயர்கள்

வலிமை, தாங்குதிறன், வேகம், நெகிழ்வு, ஒருங்கிணைப்புத் திறன். இந்த ஐந்தின் கீழ்தான் மற்றதெல்லாம் வரும். ஒரே நாளில் முடித்துவிடலாம்.

படி 2: வலிமைப் பயிற்சி

கரைவலை இழுப்பதைப் போய்ப் பாருங்கள். வலை கனத்துக் கயிறு அசையாமல் நிற்கும்போது, குதிகாலை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். தசையில் இறுக்கம் கூடுகிறது, நீளம் மாறவில்லை, அசைவும் இல்லை. இது ஐசோமெட்ரிக். கயிறு வரத் தொடங்கி, கை மடங்கி நீண்டு வேலை செய்தால் ஐசோடானிக்.

ஐசோடானிக்கில் இரண்டு வகை உண்டு. ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது புயத்தின் முன்தசை சுருங்குகிறது: கன்சென்ட்ரிக். அதே பெட்டியை மெதுவாக இறக்கும்போது, பாரத்தைத் தாங்கியபடியே அந்தத் தசை நீள்கிறது: எக்சென்ட்ரிக். பெட்டியை நீங்களே ஒருமுறை தூக்கி இறக்கினால் போதும், மறக்காது.

ஐசோகைனடிக் என்பது அசைவு முழுவதும் வேகம் மாறாமல் செய்வது. இதற்குத் தனிக் கருவி வேண்டும். பாடநூல்கள் நீச்சலை உதாரணமாகச் சொல்கின்றன; அதையே எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. விடைத்தாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. ஐசோமெட்ரிக்குக்கு உதாரணம் கேட்டால், கரைவலையை மனதில் வைத்துக்கொண்டு, தாளில் ‘சுவரைத் தள்ளுதல்’ என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 3: தாங்குதிறன் பயிற்சி

தொடர் ஓட்டத்துக்குத் தனுஷ்கோடி சாலை தோதானது. மேடு பள்ளம் கிடையாது, ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓடலாம். நிழலே இல்லாததால் விடியலில் போய்விடுங்கள். இன்டர்வல் என்றால் வேகமாக ஓடி, முழுதாக ஆறுவதற்கு முன்பே மறுபடி ஓடுவது. ஓட்டமும் ஓய்வும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும்.

ஃபார்ட்லெக்கில் அந்தக் கணக்கு கிடையாது. 1930-களில் ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கியது. வேகத்தை ஓடுகிறவரே தீர்மானிக்கிறார், தரையும் மாறிக்கொண்டே இருக்கும். அரியமான் கரையில் ஈர மணலில் வேகமாக, காய்ந்த மணலில் மெதுவாக, அடுத்த வள்ளம் வரை முழு வேகத்தில் என்று ஓடினால் அதுதான் ஃபார்ட்லெக். கெண்டைக்கால் வலிக்கும், வார்ம் அப் செய்யாமல் இறங்காதீர்கள்.

படி 4: நாடித் துடிப்பும் ஹார்வர்டு சோதனையும்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். அதிகபட்சத் துடிப்பு 220-இல் வயதைக் கழித்தது. வயது 17 என்றால் 203. அதில் 60 முதல் 80 சதவீதம், அதாவது சுமார் 122 முதல் 162 வரை, பயிற்சிக்கு ஏற்ற அளவு.

ஹார்வர்டு படியேறும் சோதனையில் நிமிடத்துக்கு 30 முறை, அதிகபட்சம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். முடித்ததும் உட்கார்ந்து 1–1½, 2–2½, 3–3½ நிமிடங்களில் துடிப்பை எண்ண வேண்டும். உடல்தகுதிக் குறியீட்டுக்கான சூத்திரம்: (ஏறி இறங்கிய வினாடிகள் × 100) ÷ (2 × மூன்று எண்ணிக்கைகளின் கூட்டல்). முழுதாக 300 வினாடி ஏறி, துடிப்புகள் 80, 65, 55 என்றால் கூட்டல் 200. 30,000 ÷ 400 = 75. பலர் 2-ஆல் பெருக்க மறப்பார்கள்; அரை நிமிடக் கணக்கு என்பதால்தான் அந்த 2.

படி 5: செய்முறை

50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்களை மணலில் ஓடி நேரம் எடுக்காதீர்கள், கெட்டித் தரை வேண்டும். வாடைக்காற்று முதுகில் தள்ளும்போது கிடைத்த நேரத்தையும் நம்ப வேண்டாம். எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு ரெக்கார்டில் எழுதுங்கள். எழுதிய எண்ணுக்கு வைவாவில் காரணம் கேட்பார்கள்.