வயசுக் கோளாறா, மனச்சோர்வா? வீட்டிலேயே கணிப்பது எப்படி

"எல்லாம் வயசுக் கோளாறு, தானா சரியாகிடும்" என்று விட்டுவிடுவதில்தான் பல மாதங்கள் வீணாகின்றன. பருவ வயதின் ஹார்மோன் மாற்றத்தால் வரும் எரிச்சல் வந்து போகும். காலையில் கதவை அறைந்து சாத்திய பிள்ளை சாயங்காலம் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும். அதுவே நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் அது அழுகையாக அல்லாமல் சிடுசிடுப்பாகவே வெளிப்படலாம். வீட்டில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள், பாவம் அந்தப் பிள்ளை.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஒரே வரி போதும்: "செவ்வாய். 1.30க்குத் தூக்கம், 6 மணிக்கு எழுப்பினோம், ஒரு இட்லி, மனசு 3." கடைசி எண் மனநிலைக்கு: 0 என்றால் படுமோசம், 10 என்றால் ரொம்ப நல்லது. அதைப் பிள்ளையே சொல்லட்டும். பெண் பிள்ளையானால் மாதவிடாய் நாட்களைச் சிவப்பில் குறியுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எண் சரிந்து, தொடங்கிய சில நாளில் ஏறினால், அப்படியே இரண்டு மாதம் நடந்தால், அது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து வரும் தனிப் பிரச்சினை. அதற்கும் சிகிச்சை உண்டு. தேதி எதுவானாலும் எண் கீழேயே கிடந்தால் இரண்டு மாதம் காத்திருக்கவே கூடாது, இரண்டு வாரத்திலேயே மருத்துவரிடம் நோட்டோடு போங்கள்.

தூக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோன் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. ஆகவே இரவு தூக்கம் வராதது சோம்பேறித்தனம் அல்ல. தேவையோ 8 முதல் 10 மணி நேரம்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைக் காட்டுவது), ஹீமோகுளோபின் (ரத்தசோகையைக் காட்டுவது) இரண்டும் முக்கியம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் டி.எஸ்.எச். அளவு தவறாக வரக்கூடும். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற பாலின ஹார்மோன் அளவை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது, அந்தச் செலவு வேண்டாம். எல்லாம் நார்மல் என்று வந்தால் "ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குத் திரும்புவதுதான் பெரிய தவறு. உடல் காரணம் இல்லை என்றால் அடுத்து மனநல மருத்துவர்.

"சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சாணிப் பவுடர், மாத்திரைப் பெட்டி எல்லாவற்றையும் அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்) 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவர் ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று தினமும் பாருங்கள். கூடினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். தேறிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோட்டையும்தான்.