டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்

"டெஸ்டோஸ்டிரோன் கூடிப்போச்சு டாக்டர், எப்படிக் குறைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வரும் ஆண்களிடம் நான் உடனே மருந்துச் சீட்டை எடுப்பதில்லை. மூன்று கேள்விகள் கேட்பேன். ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? என்னென்ன சாப்பிடுகிறீர்கள், பூசுகிறீர்கள், ஊசியாகப் போட்டுக்கொள்கிறீர்கள்? ஹார்மோன் மருத்துவராக நான் பார்த்தவரை, பலருடைய சிக்கல் இந்த மூன்றிலேயே பிடிபட்டுவிடும்.

முதலில் அலகு. வயதுவந்த ஆணுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை இருப்பது இயல்பு. சில லேப்கள் மில்லிலிட்டர் கணக்கில் தரும். அங்கே அது 3 முதல் 10. லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற கணக்கில் தந்தால் 10 முதல் 35 வரை. போன வருடம் ஓரிடத்தில் 6.5, இந்த வருடம் வேறிடத்தில் 650 என்று வந்ததும் இரவெல்லாம் தூங்காமல் ஓடிவருகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான். எல்லையும் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே ஒரு முறை 1040 வந்தது என்பதற்காக அது நோயாகிவிடாது. இன்னொரு நாள் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மறுபடி எடுக்கும் முன் முடிக்காகவும் நகத்துக்காகவும் சாப்பிடும் மாத்திரையைக் கவனியுங்கள். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் பெரிய அளவில் இருந்தால், சில பரிசோதனைக் கருவிகள் ஏமாந்துபோய் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசுகிறவர்கள் பூசிய கையிலேயே ரத்தம் கொடுத்தால், தோலில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து எண் எகிறும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் மிகப் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. கட்டில்லாமல் திரிவது 2 சதவீத அளவுதான். அந்தப் புரதங்களில் முக்கியமானது எஸ்.எச்.பி.ஜி. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஈரல் கோளாறு இருந்தாலும், வலிப்புக்கான சில மாத்திரைகளாலும் இது கூடும். அப்போது மொத்த அளவு உயர்ந்து தெரியும்; உடம்புக்கு உண்மையில் கிடைக்கும் அளவு உயர்ந்திருக்காது. மொத்தம் மட்டும் உயர்ந்து உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், எஸ்.எச்.பி.ஜி.யையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், ஆண்களிடம் அது கடினம். வழுக்கை, நெஞ்சு நிறைய முடி, முன்கோபம் இவற்றை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். வழுக்கை விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு அளவு இயல்பாகவே இருக்கும். அவர்களுடைய முடிவேர் ஹார்மோனுக்குக் கூடுதலாக வினைபுரிகிறது, அவ்வளவுதான். நான் கவனிப்பது வேறு: முப்பது வயதுக்கு மேல் திடீரென்று முதுகிலும் தோளிலும் பெரிய பருக்கள், சில மாதத்திலேயே ஏறிய சதை, உயர்ந்த ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மார்பில் வீக்கம், சுருங்கிய விரைகள். கடைசி இரண்டும் சேர்ந்து இருந்தால் ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறதா என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

காரணம் இதுதான். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதுபோல, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமானது என்று தெரிந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளை வேலைவாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புவதை நிறுத்திவிடும். விரைகள் வேலையில்லாமல் சுருங்கும்; விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். அதனால் எண் நிஜமாகவே உயர்ந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எல்.எச். அது அடிமட்டத்தில் இருந்தால், ஹார்மோன் ஊசியிலிருந்தோ ஜெல்லிலிருந்தோ வருகிறது. அல்லது, அபூர்வமாக, விரையிலோ, சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ உள்ள கட்டியிலிருந்து வருகிறது. எல்.எச். அடங்காமல் இருந்தால் பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும். ஜிம்முக்குப் போகும் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் எல்.எச்.சும் இரண்டுமே தரையில் கிடக்கும். அவர்கள் போட்டது நான்ட்ரோலோன் போன்ற வேறு ஸ்டீராய்டு. பரிசோதனை அதை டெஸ்டோஸ்டிரோனாக எண்ணாது.

"புரோட்டீன் பவுடர் மட்டும்தான் டாக்டர்" என்பார்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்வேன். மூலிகை என்று லேபிள் ஒட்டிய பொருளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வாங்கியவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே போட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். எதைப் போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மாதம் என்பது தெரிந்தால் பத்துப் பரிசோதனை மிச்சம்.

வெளியிலிருந்து வருவதுதான் காரணம் என்றால் சிகிச்சை அதை நிறுத்துவதே. ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு வீட்டில் முடங்காதீர்கள். சொந்தச் சுரப்பு திரும்பும்வரை சோர்வு, ஆசையின்மை, மனம் இருண்டுபோவது எல்லாம் வரும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து மறுபடி ஊசிக்குத் திரும்புகிறார்கள். விந்தணு பழைய நிலைக்கு வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் முதல் நாளே அதைச் சொல்லுங்கள். சிகிச்சைப் பாதை மாறும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே உதவி தேடுங்கள்.

மருத்துவர் எழுதித் தந்த டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையிலேயே அளவு கூடியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட், சிபியோனேட் ஊசி போடுகிறவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் வரும் நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்ட மறுநாளே கொடுத்தால் உச்சம்தான் தெரியும். என்னைக் கேட்டால் டெஸ்டோஸ்டிரோன் எண்ணைவிட, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட் எண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்துவிட்டது என்று பொருள். சிகிச்சையை நிறுத்திவைத்து அது இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்குவோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்வது, இவற்றில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கட்டி என்று சந்தேகம் வந்தால் விரைக்கு ஸ்கேன், அட்ரினல் ஹார்மோன்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. வெந்நீரில் குளித்தபின் விரையைத் தடவிப் பார்த்து, வலியில்லாத கெட்டியான கட்டி தட்டுப்பட்டால், ரிப்போர்ட் எதுவும் இல்லாமலே மருத்துவரிடம் போகலாம்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. புதினா டீ ஆய்வு செய்யப்பட்டது சினைப்பை நீர்க்கட்டிகள் (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்களிடம்தான். அதிமதுரத்தை அள்ளிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை யார் பேச்சையோ கேட்டு விழுங்கினால் மார்பு வீங்கும், ஆண்மைக் குறைவு வரும். உடல் பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, கூடவே செய்யும். அது நல்லதுதான், எடையைக் குறையுங்கள்.

ஜெல் பூசுகிறவர்களுக்கு இன்னொன்று. பூசியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ந்ததும் சட்டையால் மூடுங்கள், பூசிய தோலோடு குழந்தையைத் தூக்காதீர்கள். வீட்டுக் குழந்தைக்கு வயதுக்கு முன்பே பிறப்புறுப்பருகில் முடி முளைத்தால், குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது அந்த ஜெல் டியூபையும் எடுத்துச் செல்லுங்கள்.