குடியை விட நினைப்பவருக்கு: பக்கத்தில் நடக்கும் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தம்பிக்காகத் தேடித் தேடிப் பிடிபட்ட வழி இது. முகவரி சுலபமாகக் கிடைத்துவிடும். அங்கே இந்த வாரமும் கூட்டம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்வதில்தான் பாடு. படி 3-ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். கூட்டத்துக்குப் போக அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

படி 1: எந்த அமைப்பு?

என் ஓட்டு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கு (ஏ.ஏ.). குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அனுபவம் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. கூட்டங்களின் எண்ணிக்கை இதில்தான் அதிகம், அதனால் பக்கத்திலேயே ஒன்று கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும். காசு போட ஒரு பை சுற்றி வரும். போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏ.ஏ.-யில் கடவுள் பேச்சு வரும். அது ஒத்துவராதவர்கள் அது இல்லாத ஸ்மார்ட் ரெகவரி என்ற அமைப்பைப் பார்க்கலாம். குடிப்பவரின் குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது.

படி 2: எங்கே தேடுவது?

கூகுளில் பொதுவாகத் தேடாதீர்கள். காசு வாங்கும் சிகிச்சை மையங்களின் விளம்பரங்கள் முன்னால் வந்து நிற்கும்; ‘இலவச உதவி எண்’ என்று போட்டிருந்தாலும் எடுப்பவர் ஆள் சேர்ப்பவராக இருக்கலாம். நேராக ஏ.ஏ. இணையதளத்துக்குப் போய் உங்கள் பகுதி அலுவலகத்தைப் பிடியுங்கள். ‘மீட்டிங் கைடு’ என்ற அவர்களுடைய இலவசச் செயலியும் நல்லது. அதில் எல்லா ஊரும் இருக்காது. இல்லையென்றால் அலுவலக எண்தான் வழி.

படி 3: போன் போடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் இரவல் இடங்களில்தான் கூட்டம் நடக்கும்: தேவாலயக் கூடம், பள்ளி, மருத்துவமனையில் ஓர் அறை. விடுமுறை வந்தால் நேரமும் அறையும் மாறும், பட்டியல் மாறியிருக்காது. வருகிறவர்கள் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பதால் வாசலில் பெரிய பலகையும் இருக்காது. காவலாளிக்கே தெரியாமல் இருக்கலாம். கேட்க வேண்டியவை: இந்த வாரம் உண்டா? எந்த வாசல், எந்த மாடி? என்ன மொழியில் பேசுவார்கள்? கடைசியாக, “யாராவது வாசலில் நிற்க முடியுமா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனை எடுப்பவர் பெரும்பாலும் தானே குடியை விட்டு மீண்ட ஒரு தன்னார்வலர். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல. பகலில் எடுக்கவில்லையென்றால் மாலையில் கூப்பிடுங்கள், அவருக்கும் வேலை இருக்கும்.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேட்டுவிடுங்கள். திறந்ததற்கு யாரும் வரலாம். மூடியது குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். துணைக்குப் போன அண்ணனோ மனைவியோ வெளியேதான் உட்கார வேண்டும். முதல் தடவைக்குத் திறந்த கூட்டமே என் தேர்வு.

படி 4: போகிற நாள்

ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். முதற்பெயர் போதும். பேசச் சொன்னால் “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் விட்டுவிடுவார்கள். முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். அப்புறம் நடக்கும் தேநீர்ப் பேச்சில்தான் தொலைபேசி எண்கள் கிடைக்கும். நள்ளிரவில் கை பரபரக்கும்போது அதுதான் உதவும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

“போனேன், பிடிக்கவில்லை.” சரி, வேறொன்றுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது. ஒன்றில் வயதானவர்களாக இருப்பார்கள், இன்னொன்று பெண்களுக்கு மட்டும் நடக்கும்.

“பக்கத்தில் எதுவுமே இல்லை.” இணையவழிக் கூட்டங்கள் உண்டு, கேமராவை அணைத்து வைக்கலாம். ஆனால் உள்ளே போவதற்கு முன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள். அலுவலகக் கணக்கில் நுழைந்தால் முழுப்பெயரும், சில சமயம் நிறுவனத்தின் பெயரும்கூட, அப்படியே எல்லோருக்கும் தெரிந்துவிடலாம்.